கேள்வியை மாற்றுங்கள்

சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் அந்தமான் நிக்கோபாருக்கு வேகமான இணையத்தைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில், 2022 நவம்பர் 30-இல், சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளியானது. நூலகத்துக்கும் கப்பலுக்கும் காத்திருந்து படித்த தீவு மாணவர்கள், அசைன்மென்ட் எழுதித் தரும் கருவியை இன்று சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள்.

தங்கள் மேசையில் இருப்பது யாருடைய எழுத்து என்று தெரியாமல் ஆசிரியர்கள் திணறுவது உண்மை. அதற்குப் பலரும் சொல்லும் மருந்து, கருவி எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். அந்த மருந்து நோயைவிடக் கொடியது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு மென்பொருளை வெளியிட்டது. கருவி எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது வீண்பழி போட்டது. ஜூலையில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இத்தகைய ஏழு மென்பொருள்களிடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகள் ‘இயந்திரம் எழுதியவை’ என்று முத்திரை குத்தப்பட்டன. வீட்டில் தமிழோ வங்காளமோ நிக்கோபாரியோ, கடைத்தெருவில் இந்தி, தேர்வுத்தாளில் ஆங்கிலம் என்று வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு என்னதான் வழி? கேள்வியை மாற்றுவதுதான். ‘சுனாமியின் விளைவுகளை விவரி’ என்றால் கருவி நொடியில் நான்கு பக்கம் தரும். அந்தச் சுனாமியை எழுப்பிய 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அதன் அருகே சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் ஏறியது. அந்தக் கேள்விக்குப் பதிலாக, சிப்பிகாட்டுக்குப் போய், கடல் ஏற்றத்தின்போது நீர் எந்த மேடு வரை வருகிறது என்று பார்த்து, வயலை இழந்த ஒரு பெரியவரிடம் பேசி எழுதி வா என்று சொல்லுங்கள். அதற்குக் காலில் சேறு பட வேண்டும். எழுதி வந்ததும் ஐந்து நிமிடம் எதிரே உட்காரவைத்துக் கேளுங்கள். போய்ப் பார்த்தவருக்கும் போகாதவருக்கும் உள்ள வேறுபாடு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. 60 மாணவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். மூன்று அசைன்மென்டை ஒன்றாகக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும். வாய்மொழித் தேர்வு நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கில் எடுப்பது நிர்வாகத்தின் கடமை.

கருவியை அடியோடு தடுக்கவும் வேண்டாம். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் இரவு பத்து மணிக்குப் பாடம் புரியாமல் தவிக்கும் மாணவிக்குத் தமிழிலேயே விளக்கம் கிடைத்தால் அது வரம்தான். அது சொல்வதில் பிழையும் இருக்கும் என்று வகுப்பிலேயே சரிபார்த்துக் காட்டுங்கள். எங்கே, எதற்குப் பயன்படுத்தினேன் என்று மாணவர் எழுதித் தரட்டும். சிட்னி பல்கலைக்கழகம் தேர்வுகளையே இரண்டாகப் பிரித்திருக்கிறது: கண்காணிப்பில் எழுதுபவை ஒருவகை, கருவியைப் பயன்படுத்தலாம் என்பவை மறுவகை.

தீவுக் கல்லூரிகளின் தேர்வு விதிகள் நெடுங்காலமாகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் கருத்துத்திருட்டு விதிகள் 2018-இல், இந்தக் கருவிகள் பரவுமுன் எழுதப்பட்டவை. ஆகவே அடுத்த பருவம் தொடங்குமுன் தெளிவான விதி ஒன்று எழுதப்பட வேண்டும். அதன் முதல் வரி இப்படி இருக்கட்டும்: மென்பொருள் காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து எந்த மாணவரின் மதிப்பெண்ணும் குறைக்கப்படாது, அவரை நேரில் கேட்ட பிறகே முடிவு எடுக்கப்படும்.