அளவுகோலும் உரிமையும்

நமீபியாவின் கிழக்கே, தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கோபாபிஸ் என்னும் சிறுநகர். அந்நாட்டின் நில அளவைக்கு மூலப்புள்ளியாகிய சுவார்செக் அந்நகரின் அயலிலேயே உள்ளது. 1898 முதல் 1903 வரை ஜேர்மன் ஆட்சிப்புலத்தையும் பிரித்தானியப் பெச்சுவானாலாந்தையும் பிரிக்கும் எல்லை அளக்கப்பட்டபோது நிறுவப்பட்ட புள்ளி அது. அந்த அளவைக்குரிய ஜேர்மன் மீற்றர், சர்வதேச மீற்றரிலிருந்து கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 14 மில்லிமீற்றரே வேறுபடுவது. அவ்வேறுபாட்டையும் கணக்கிற் கொள்ளும் நமீபிய நில அளவை, அந்நகரின் ஓரத்துக் குடிசைவாசியை மட்டும் நெடுங்காலம் கணக்கிற் கொள்ளவில்லை. இனவொதுக்கல் ஆட்சி கறுப்பின மக்களை ஓரத்துக்குத் தள்ளியது. 1990 இல் விடுதலை வந்த பின்னரும் உறுதியற்ற குடிசைகள் பெருகவே செய்தன.

துல்லியமாக அளக்காத காணிக்கு உறுதி வழங்கின் வழக்குகள் மலியும் என வாதிப்போர் உளர். அயலவர் இருவரின் பிணக்கு மில்லிமீற்றரைப் பற்றியதா? இருவரும் ஒப்பி நட்ட முளை தீர்க்காத பிணக்கை எந்தக் கருவி தீர்க்கும்? முழு அளவைக்குரிய செலவை ஏழை தாங்கான் என்பதை அறிந்தும் அதனையே நிபந்தனையாக்குவது, துல்லியத்தின் பெயரால் மதில் எழுப்புவதாகும்.

2012 ஆம் ஆண்டின் நெகிழ்வு நிலவுரிமைச் சட்டம் அம்மதிலில் ஒரு வாயிலைத் திறந்தது. முதற்படியில், குடியிருப்பின் புறவெல்லை மட்டும் முறையாக அளக்கப்படும். உள்ளே வாழும் உரிமை குடும்பந்தோறும் பதியப்படும். அடுத்த படியில் தனித்தனிக் காணிகள் எளிய முறையில் அளக்கப்படும். முழு உரிமைக்கும் வழியுண்டு. கோபாபிஸின் ஃபிரீடம் ஸ்குயர் குடியிருப்பு மக்கள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். வீதியும் காணியும் அமையவேண்டிய இடங்களைக் கூடியிருந்து வகுத்தனர். கற்றோர் மட்டுமே வரையவல்லது நிலப்படம் என்னும் செருக்குக்கு அவர்களது செயலே விடை.

இஃது இரண்டாந்தர உறுதி என்னும் கண்டனம் முற்றிலும் பொய்யன்று. முதற்படி உரிமையை ஈடுவைக்க இயலாது. அரசு அப்படியிலேயே நின்றுவிடின், ஏழைக்கென ஒரு தாழ்ந்த சட்டத்தை வகுத்த பழியே அதனைச் சாரும். சட்டம் 2012 இல் நிறைவேறியது. அதற்குரிய ஒழுங்குவிதிகளோ 2018 இலேயே வெளிவந்தன. அவ்வாறு ஆண்டுகளைத் தயங்காது செலவிடுவோர்க்கு மில்லிமீற்றரைப் பற்றி ஏழையிடம் வாதாட என்ன தகுதி உண்டு?

நிலப்படம் முதலில் விடையிறுக்க வேண்டிய வினா, கோடு எவ்வளவு நுண்ணியது என்பதன்று. கோட்டின் உள்ளே வாழ்பவர் யார் என்பதே. அவர் பெயரைப் பதிந்தபின் கோட்டைத் திருத்தலாம். பெயரில்லாப் படம் எத்துணை நுண்ணியதாயினும் குடிபெயர்ப்பின் கருவியே.