துண்டு வெட்டிய பின்னர்

முதுமையில் நினைவு தடுமாறுவதை 'அறளை பெயர்தல்' என்று கூறி, அதனை வயதின் இயல்பாகவே கருதுவது நம்மவர் வழக்கம். அஃது இயல்பன்று, மூளையைப் பற்றும் நோயாகும். அதன் ஒரு வகையால் மூளையில் விளையும் மாற்றங்களை 1906ஆம் ஆண்டிலே செருமானிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். இம்மறதிநோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே, நோயாளரின் நலம் பெரிதும் பராமரிப்பையே சார்ந்துள்ளது.

இத்தகைய முதியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்தோ காய்ச்சல் கண்டோ வைத்தியசாலையிற் சேர்கின்றார். அறியாத இடமும் அறியாத முகங்களும் அவரை மேலும் குழப்புகின்றன. வந்த நோய் தணிந்ததும் வைத்தியர் துண்டு வெட்டுகின்றார். நடந்து சென்றவர் தாங்கப்பட்டு மீள்கின்றார். மகளை அறிந்தவர் இப்போது அவளை யாரென்று வினவுகின்றார்.

வைத்தியசாலை கொடுத்தனுப்பும் அட்டையில் நோயின் பெயரும் மருந்தின் அளவும் உள்ளன. புரையேறாமல் உணவூட்டுவது எங்ஙனம்? நள்ளிரவில், தம் வீட்டிலிருந்துகொண்டே 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று எழும் தந்தைக்கு யாது சொல்வது? இவற்றுக்கு அதில் விடையில்லை. திடீரெனக் குழப்பம் மிகுமாயின், நோய் முற்றிவிட்டதென்று வாளா இருத்தலாகாது. சிறுநீர்த் தொற்று, நீர்க்குறைவு, மலச்சிக்கல், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். விரைந்து வைத்தியரை நாடினால் அது தணியவும் கூடும். இதனையும் வீட்டாருக்கு எவரேனும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

முதியோரைப் பேணுதல் குடும்பத்தின் கடன் என்பர் சிலர். உண்மையே. ஆயின், கூட்டுக் குடும்பத்திலே பலர் பகிர்ந்த சுமையை இன்று பெரும்பாலும் மனைவியோ மகளோ தனித்துச் சுமக்கின்றாள். ஏனைய பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். அவர்கள் பணம் அனுப்பலாம். உறக்கத்தை அனுப்ப இயலாது. அவளும் சோர்ந்து வீழ்ந்தால் அவ்வீட்டில் நோயாளர் இருவராவர்.

பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. கடமையை விதித்த அரசு, அதனை ஆற்றுதற்குத் துணையும் நல்குதல் முறையன்றோ? அதற்கு வழி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. அவ்வழி வளர்ந்த சேவையினாலே தாயையும் சேயையும் மருத்துவமாது வீடு தேடிச் சென்று பார்க்கின்றார். வாழ்வின் தொடக்கத்தில் வீடு தேடி வரும் துணை, அதன் அந்தியிலும் வருதல் வேண்டும். துண்டு வெட்டிய முதல் வாரத்திலேயே பயிற்சி பெற்ற தாதியொருவர் வீட்டுக்குச் சென்று, நோயாளரைப் பார்ப்பதோடு பராமரிப்பவரின் நலத்தையும் வினவுதல் வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. விழாக் காலத்திலே கட்டடம் எழுப்ப நிதி திரட்டும் பழைய மாணவர், வாரத்தில் ஒரு பிற்பகலையும் ஈதல் கூடும். முறைவைத்து ஒருவர் சென்று முதியவர் அருகில் அமர்ந்தால், பராமரிப்பவர் சிறிது உறங்குவார். கோயிலுக்கும் சென்று மீள்வார். பெயர்களை மறந்தவரும் இளமையிற் பயின்ற தேவாரத்தை உடனிருந்து பாடுதல் உண்டு. எமக்குக் கற்பித்த ஆசிரியர்களுள்ளும் இந்நோய் உற்றோர் இருத்தல் கூடும். அவர்கள் எம் பெயரை மறந்தாலும், நாம் அவர்கள் வீட்டு வாயிலை மறவாதிருத்தல் கடனாகும்.