தாளம் தப்புகிறதா? முதலில் ஹெட்போனைப் பாருங்கள்



கொடைக்கானலில் நம் பிள்ளைகள் சிலர் வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். மகிழ்ச்சி. ஏ.ஆர்.ரகுமானும் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டையொட்டித்தான் ஸ்டுடியோ தொடங்கினார். ஆனால் பாடும்போது காதில் சாதாரண ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம்.

நம் எக்கோ பாயின்ட்டில் கூப்பிட்டால் குரல் தாமதமாகத் திரும்பும் அல்லவா? ப்ளூடூத்திலும் தாமதம் உண்டு. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மீண்டும் விரிப்பதற்குள் 200 மில்லி விநாடிகூட ஆகிவிடும். அதற்குள் காற்றில் ஒலி சுமார் 68 மீட்டர் கடந்துவிடும். அவ்வளவு தூரத்தில் மிருதங்கத்தை வைத்துவிட்டு இங்கிருந்து பாடச் சொன்னால் யாருக்குத் தாளம் நிற்கும்?

ஆப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி வகையில் சுமார் 40 மில்லி விநாடி. அதுவும் அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான். படம் பார்க்கப் போதும், பாடும்போது உறுத்தும். தனி டிரான்ஸ்மிட்டரோடு வரும் சில வகைகள் இன்னும் வேகமானவை, விலைதான் கூடுதல். என் கருத்து: பதிவுக்கு ஒயர் ஹெட்போன், பிறகு கேட்டு ரசிக்க ப்ளூடூத்.

பெற்றோர்களே, "உனக்குத் தாளமே வரவில்லை" என்று பிள்ளையைச் சொல்லுமுன், ஒயரை மாட்டி ஒருமுறை பாடச் சொல்லுங்கள். குறை கருவியில் இருக்க, பிள்ளை பாட்டையே விட்டுவிடக் கூடாது.