பொம்மைக்கு நிறம் சொல்வது யார்?

உயரம் ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகம். பெரியவர்களின் கட்டை விரல் அளவு கூட இல்லை. ஆனால் அதற்குள் தொப்பி இருக்கிறது. தாடி இருக்கிறது. கோட்டும் அதற்குப் பித்தான்களும் இருக்கின்றன. கையில் தடி, இடுப்பில் வாள், எல்லாம் இருக்கின்றன. நிறம் மட்டும் இல்லை. தலை முதல் கால் வரை ஒரே சாம்பல்!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தக் குட்டிப் பொம்மைகளை விலை கொடுத்து வாங்கி, வீட்டு மேஜையில் வைத்து வர்ணம் தீட்டுகிறவர்கள் ஏராளம். பள்ளிச் சிறுவர்கள் மட்டும் அல்ல. வேலைக்குப் போகிற பெரியவர்களும் தீட்டுகிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் தீட்டுகிறார்கள். கதையில் படித்த பாத்திரங்களில் யாரை மிகவும் பிடித்ததோ, அவரைக் கண்ணெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை.

"பொம்மை வைத்துக்கொள்ளும் வயதா இது?" என்று கேலி செய்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. எச்.ஜி.வெல்ஸ் பெரிய எழுத்தாளர். அவர் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவது எப்படி என்று 1913ல் ஒரு புத்தகமே எழுதினார். அப்போது அவருக்கு வயது 40க்கு மேல்! கேலி செய்கிறவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

வெல்ஸ் காலத்துச் சிப்பாய்கள் கடையிலேயே வர்ணம் பூசி விற்கப்பட்டார்கள். வாங்கியவருக்கு அடுக்கி வைப்பதுதான் வேலை. இன்று நாட்டிங்ஹாம் நகரில் இருந்து உலகம் முழுவதும் போகிற குட்டிப் பொம்மைகள் அப்படி அல்ல. அங்கே இருக்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனி 1975ல் தொடங்கியது. அது பொம்மையை வர்ணம் இல்லாமல்தான் விற்கிறது. மீதி வேலை வாங்கியவருடையது. 1987ல் இருந்து வர்ணம் தீட்டும் போட்டியும் நடத்துகிறது. காசும் வாங்கிக்கொண்டு வேலையும் வாங்குகிறார்களே என்று தோன்றலாம். ஆனால் அந்த மீதி வேலையில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏன் என்றால், வர்ணம் இல்லாத பொம்மை இன்னும் யாரும் அல்ல. நீண்ட அங்கி, நீண்ட தாடி, கையில் தடி. இப்படி ஒரு கிழவர் பொம்மை இருக்கிறது என்று வையுங்கள். அங்கிக்குச் சாம்பல் நிறம் பூசினால், டால்கீன் எழுதிய கதையில் வரும் மந்திரவாதி கேண்டால்ஃப். அதே அங்கிக்குச் சிவப்புப் பூசி வெள்ளைக் கரை வைத்தால் கிறிஸ்துமஸ் தாத்தா! அச்சு செய்வது உடம்பைத்தான். ஆளைச் செய்வது வர்ணம்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் என்ற பகுதியின் குயவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் அந்தக் காலத்தில் செய்த பெஞ்சமின் பிராங்க்ளின் பொம்மைகள் சிலவற்றின் அடியில் ஜார்ஜ் வாஷிங்டன் என்று எழுதியிருக்கிறது. யார் கேட்டார்களோ அவர் பெயர்!

சிவப்புச் செருப்பு

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிடித்த பாத்திரத்தை என்ன நிறத்தில் தீட்டுவது? அதைச் சொல்ல வேண்டியது யார்?

அமெரிக்காவில் எல்.பிராங்க் பாம் என்பவர் 1900ல் ஒரு குழந்தைக் கதை எழுதினார். டோரத்தி என்ற சிறுமியின் வீட்டைச் சூறாவளி தூக்கிக்கொண்டு போய் ஆஸ் என்ற மாய நாட்டில் போடுகிறது. வீடு ஒரு சூனியக்காரியின் மேல் விழுகிறது. அவள் சாகிறாள். அவளுடைய மந்திரச் செருப்பு டோரத்திக்குக் கிடைக்கிறது. அந்தச் செருப்பு என்ன நிறம்?

"சிவப்பு!" என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பு. பாம் எழுதியது வெள்ளிச் செருப்பு.

சிவப்பு எங்கிருந்து வந்தது? சினிமாவில் இருந்து வந்தது. 1939ல் எம்.ஜி.எம். கம்பெனி இந்தக் கதையைப் படமாக எடுத்தது. டெக்னிகலர் என்ற வர்ண முறை அப்போது பெரிய அதிசயம். திரையில் வர்ணத்தை அள்ளி இறைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். மஞ்சள் பாதையில் வெள்ளிச் செருப்பு எடுபடுமா? மாணிக்கச் சிவப்பு ஆக்கினார்கள். படத்தில் அணிந்த செருப்புகளில் ஒரு ஜோடி 2024 டிசம்பரில் ஏலம் போனது. கட்டணங்களையும் சேர்த்து விலை 3 கோடி டாலருக்கு மேல்!

அந்தப் படத்தில் இன்னொரு சூனியக்காரி வருகிறாள். மேற்குத் திசைக்காரி. அவள் முகம் பச்சை. புத்தகத்தில் அவள் பச்சை இல்லை. அவளுக்கு ஒற்றைக் கண், அவ்வளவுதான். மரகத நகரம் என்று ஒன்று வருகிறதே, அதுவாவது பச்சையா? அதுவும் ஏமாற்று! நகரத்துக்குள் போகிற எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். அதனால் ஊரே பச்சையாகத் தெரிகிறது. பாம் குறும்புக்காரர். நிறத்தை வைத்தே கதைக்குள் ஒரு கதை சொல்லிவிட்டார்.

இன்று ஒரு சிறுமி டோரத்தி பொம்மையை வாங்கிச் செருப்புக்கு வெள்ளி பூசினால், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "நிறம் மாறிவிட்டதே, சிவப்பு அல்லவா?" என்று திருத்துவார்கள். புத்தகத்தைப் படித்தவள் அவள். படிக்காதவர்கள் அவளைத் திருத்துகிறார்கள். என்ன வேடிக்கை!

வேடிக்கை என்று மட்டும் இதை விட முடியாது. பாம் எழுதிய கதை இன்று பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பொம்மை செய்து விற்கலாம். வெள்ளிச் செருப்பு எல்லோருக்கும் சொந்தம். சிவப்புச் செருப்பு அப்படி அல்ல. அது கம்பெனிச் சொத்து. 1985ல் டிஸ்னி கம்பெனி வேறு ஒரு ஆஸ் படம் எடுத்தது. அதில் சிவப்புச் செருப்பைக் காட்டுவதற்காக எம்.ஜி.எம். கம்பெனிக்குப் பணம் கொடுத்தது. வீட்டில் தன் பொம்மைக்குச் சிவப்புப் பூசுகிறவரை யாரும் பிடிக்கப் போவதில்லை. ஆனாலும், தனக்குச் சொந்தமான நிறம் ஒன்று இருப்பதே தெரியாமல் அடுத்தவர் நிறத்தைப் பூசுவது நஷ்டம்தானே?

பச்சை முகமும் வெள்ளை மீசையும்

டோரத்தி ஒருத்திக்கு மட்டும் இப்படி நடந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். பொம்மைக் கடையில் அதிகம் விற்கிற பயங்கரப் பாத்திரங்களைப் பாருங்கள்.

பிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு பூதத்தை உண்டாக்குகிறான். மேரி ஷெல்லி என்ற இளம் பெண் எழுதிய கதை இது. 1818ல் வெளிவந்தது. இந்தப் பூதத்தைத் தீட்டுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் தேடுவது பச்சை வர்ணப் புட்டியைத்தான். தட்டையான தலை, கழுத்தில் இரண்டு ஆணி, பச்சைத் தோல். இவற்றில் ஒன்று கூட மேரி ஷெல்லி எழுதியது அல்ல. அவர் சொன்னது மஞ்சள் தோல். கறுத்து மின்னுகிற நீண்ட தலைமுடி. முத்துப் போன்ற வெள்ளைப் பற்கள். கறுத்த உதடுகள். தலைமுடியும் பற்களும் அழகாக இருப்பதால்தான் முகம் இன்னும் பயங்கரமாகத் தெரிகிறது! எவ்வளவு நுட்பமான எழுத்து!

தட்டைத் தலை 1931ல் வந்த சினிமாவில் பிறந்தது. போரிஸ் கார்லாஃப் நடித்தார். அது கறுப்பு வெள்ளைப் படம். திரையில் பச்சையே கிடையாது. விளம்பரங்களும் பின்னால் வந்த படங்களும் பொம்மைகளும் சேர்ந்து பூசிய பச்சை அது.

டிராகுலாவும் அப்படித்தான். பிராம் ஸ்டோக்கர் 1897ல் எழுதிய கதையில் முதலில் வருகிறவர் ஒரு உயரமான கிழவர். நீண்ட வெள்ளை மீசை. உடை முழுதும் கறுப்பு. வேறு நிறம் ஒரு பொட்டுக் கூட இல்லை. கடையில் விற்கிற பொம்மைக்கோ மழித்த முகம், சிவப்பு உள்துணி வைத்த மேலங்கி! மேலங்கியை மாற்ற முடியாது, அது அச்சில் வந்துவிட்டது. உள்துணியைக் கறுப்பாக்கலாம். மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு வெள்ளையும் வைக்கலாம். மீசை வந்ததும் அந்த முகம் எப்படி மாறுகிறது என்பதைத் தீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு ஆட்சேபணை உண்டு. "வெள்ளைத் தொப்பி, நீலத் தொப்பி என்று அவரவர் இஷ்டத்துக்குப் பூசினால், பார்க்கிறவர்களுக்கு இது யார் என்று தெரிய வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போட்டிக்கு அனுப்புகிறவர் இதை யோசிக்க வேண்டும். ஆனால் கேண்டால்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். டால்கீன் 1937ல் எழுதியபோதே அவருக்குக் கூம்பு போன்ற நீலத் தொப்பியும், சாம்பல் அங்கியும், வெள்ளி நிறக் கழுத்துத் துணியும் கொடுத்துவிட்டார். 2001ல் சினிமா வந்தது. தொப்பி சாம்பல் ஆயிற்று. அதே ஆண்டில் படத்தைப் பார்த்துச் செய்த பொம்மைகளும் வந்தன. நீலம் போயே போய்விட்டது! நீலத் தொப்பி வைத்தால் கேண்டால்ஃபை அடையாளம் தெரியாதா? தாடியும் தடியும் எங்கே போய்விடும்? நன்றாகத் தெரியும். தெரியாதவர் "ஏன் நீலம்?" என்று கேட்பார். அப்போது புத்தகத்தை எடுத்துக் காட்டலாம்.

சினிமா வருவதற்கு முன்பே படம் வரைகிறவர்களும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது முன்னும் பின்னும் விளிம்பு வைத்த வேட்டைத் தொப்பி. அந்தத் தொப்பியின் பெயரைக் கோனான் டாயில் தம் கதைகளில் எங்கும் எழுதவில்லை. பத்திரிகைக்குப் படம் போட்ட சிட்னி பாஜெட் மாட்டிவிட்ட தொப்பி அது. ஆனால் அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. பாஜெட் கதையைப் படித்தார். காதை மூடும் பிரயாணத் தொப்பி என்று ஒரு இடத்தில் வருகிறது. அவர் மனதில் ஒரு தொப்பி தோன்றியது. வரைந்தார். பொம்மை தீட்டுகிறவர் செய்ய வேண்டியதும் அதைத்தான்.

ஆலிஸின் உடையும் பலரை ஏமாற்றும். நீலம் என்று நிச்சயமாகச் சொல்வார்கள். 1951ல் வந்த டிஸ்னி படம் அதை நிலைநாட்டிவிட்டது. ஆனால் கதையை எழுதிய லூயிஸ் கரோல் உயிரோடு இருந்தபோதே, 1890ல், சின்னக் குழந்தைகளுக்கான வர்ணப் பதிப்பு ஒன்று வந்தது. அதில் ஆலிஸின் கவுன் மஞ்சள்!

பெட்டிக்குள் இருக்கும் தாள்

பொம்மைப் பெட்டியோடு ஒரு படத்தாள் வருவதுண்டு. தொப்பிக்கு இந்தப் புட்டி, சட்டைக்கு அந்தப் புட்டி என்று அது சொல்லும். முதல் இரண்டு மூன்று பொம்மைகளுக்கு அது நல்ல உதவி. புதிதாகத் தொடங்குகிறவர் கையைப் பழக்க வேண்டும் அல்லவா? ஆனால் பத்தாவது பொம்மைக்கும் அந்தத் தாளையே பார்க்கிறவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்காத வேலைக்காரர். பிள்ளைக்குப் பொம்மை வாங்கித் தருகிற பெற்றோர் அந்தக் கதைப் புத்தகத்தையும் சேர்த்து வாங்கித் தர வேண்டும். ஒரு வர்ணப் புட்டியைக் குறைத்தாலும் குற்றம் இல்லை. படித்துவிட்டுப் பிள்ளை சிவப்பே பூசினால் பூசட்டும். இரண்டு நிறத்தையும் தெரிந்துகொண்டு ஒன்றைப் பிடித்து எடுத்தது அது.

கை வேலை கஷ்டமானது அல்ல, பொறுமைதான் வேண்டும். பொம்மையை ஒரு மூடியின் மேல் ஒட்டிக்கொண்டால் விரல் படாமல் திருப்பலாம். முதலில் அடிப்பூச்சு. அது காய்ந்த பிறகு வர்ணம். வர்ணத்தில் தண்ணீர் சேர்த்து இளக்கி, இரண்டு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரேயடியாக அப்பினால் பித்தானும் மடிப்பும் மூடிப்போகும். கறுப்போ பழுப்போ நிறைய நீர்க்கக் கரைத்து மேலே விட்டால், அது மடிப்புகளுக்குள் ஓடித் தானே நிழலாக நின்றுவிடும். இதைப் பார்த்து முதல் முறை ஆச்சரியப்படாதவர் இல்லை.

கண் வரைவது கடைசி வேலை என்று சிலரும், முதல் வேலை என்று சிலரும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை தீராது.

ஒரு எச்சரிக்கை. பழைய காலத்து உலோகப் பொம்மைகளில் காரீயம் கலந்திருக்கும். அது விஷம். சந்தையில் பழைய பொம்மை வாங்குகிறவர்கள் அதைச் சுரண்டித் தூள் பறக்க விடக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. பிரஷ்ஷின் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது எந்தப் பொம்மைக்கும் வேண்டாம்.

டோரத்திக்கு வெள்ளிச் செருப்பே போடுவது என்று முடிவு செய்தவர்கள், செருப்பைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளி வர்ணத்தில் மின்னும் துகள்கள் இருக்கின்றன. அந்தப் பிரஷ்ஷைக் கழுவிய தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். மறந்துபோய் அதே தண்ணீரைத் தொட்டு முகத்தைத் தீட்டினால் டோரத்தியின் கன்னமும் செருப்பைப் போலவே பளபளக்கும்!