டியூனிங் செலவே இல்லையாம்!

"ஒரு தடவை காசைப் போடுங்க சார், அப்புறம் ஆயுசுக்கும் செலவே கிடையாது." டிஜிட்டல் அக்கார்டியன் பேச்சை எடுத்தாலே இந்த வாக்கியம் முன்னால் வந்து நிற்கிறது. வாத்தியக் கடையில் சொல்கிறார்கள், விளம்பர வீடியோவில் சொல்கிறார்கள். மெல்லிசைக் கச்சேரி இடைவேளையில் டீ குடிக்கும்போது, நேற்றுவரை பழைய ரீட் அக்கார்டியன் வாசித்த ஆளும் அதையே சொல்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் அந்த 'ஒரு தடவை' எவ்வளவு என்று பார்ப்போம். ரோலண்ட் நிறுவனம் 2004-இல் வி-அக்கார்டியனைக் கொண்டுவந்தது. அந்த வரிசையின் பெரிய மாடலான எஃப்ஆர்-8எக்ஸ் வெளிநாட்டுக் கடைகளிலேயே 6,000 டாலருக்கு மேல். கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் ஏறி இங்கே வந்து இறங்கும்போது ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். மிச்சமாகிற டியூனிங் கூலியைச் சேர்த்துச் சேர்த்து அந்தத் தொகையை எட்ட எத்தனை தலைமுறை வாசிக்க வேண்டும் என்ற கணக்கை மட்டும் யாரும் சொல்வதில்லை. "புது இத்தாலியப் பெட்டியும் அந்த விலைதானே?" என்பார்கள். புதுசு வாங்கச் சொன்னது யார்?

கனம் குறைவாம். சின்ன மாடலுக்குச் சரி. 8எக்ஸ் ஏறத்தாழ 12 கிலோ. உள்ளே இருப்பது ரீடா சிப்பா என்று தோள்பட்டைக்குத் தெரியாது.

அடுத்தது, ஒரே பெட்டிக்குள் டிரம்பெட், சாக்ஸபோன், வயலின் கூட்டம், பிரெஞ்சு மியூசெட், இத்தாலியக் குரல் என்று சகலமும் இருக்கிறதாம். இருக்கட்டுமே! மேடையில் ஏற்கெனவே இரண்டு கீபோர்டு நிற்கிறதே, அவை என்ன அலங்காரத்துக்கா? எம்.எஸ்.வி. பாட்டுக்கு அக்கார்டியனைத் தோளில் மாட்டுகிறவர், மங்களமூர்த்தி வாசித்த அந்த நாதத்துக்காகத்தான் மாட்டுகிறார். துருத்தியை இழுத்து டிரம்பெட் வாசிக்க அல்ல. தவிர, டிஜிட்டல் பெட்டியில் துருத்திக் காற்று ஒலி எழுப்புவதே இல்லை. அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சென்சாருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பாட்டை சிப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது அந்த 'செலவே கிடையாது' பகுதிக்கு வருகிறேன். எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

41 கட்டை, நான்கு வரிசை ரீட் கொண்ட பெட்டியில், இழுப்புக்கு ஒன்று தள்ளலுக்கு ஒன்று என வலக்கைப் பக்கம் மட்டும் 328 எஃகு நாக்குகள். கேட்டதும் தலை சுற்றும். ஆனால் ஒரு நாக்கு கெட்டால் கெடுவது அந்த ஒன்றுதான். அது அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்து, தேன்மெழுகும் ரோசினும் கலந்த கலவையால் மரக்கட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மெழுகை இளக்கித் தகட்டை எடுக்கலாம். சுருதி இறங்கிவிட்டதா, நாக்கின் நுனியில் லேசாகச் சுரண்டினால் ஏறும். ஏறிவிட்டதா, ரிவெட்டுக்குப் பக்கத்தில் சுரண்டினால் இறங்கும். தோல் வால்வு சுருண்டால் வேறு வெட்டி ஒட்டலாம். ஆர்மோனியம் சரிசெய்து பழகிய கைக்கு இதெல்லாம் அடியோடு புதிய வேலை அல்ல. 1950-களில் செய்த ஹோனர் பெட்டிகள் இன்றைக்கும் வாசிக்கப்படுவது இப்படித்தான். பெட்டியைச் செய்தவர் போய்ச் சேர்ந்தாலும் பெட்டியைத் திறக்க முடியும்.

டிஜிட்டலில் கெடுவது போர்டு. அதைச் சுரண்ட முடியாது. கம்பெனியிடம் இருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் பெட்டி அத்தோடு சரி. எஃப்ஆர்-7 வந்தது, 7எக்ஸ் வந்தது, 2013-இல் 8எக்ஸ் வந்தது. புது மாடல் வரவர, பழையதன் விலையும் அதற்கான உதிரிபாகமும் எந்தத் திசையில் போகும் என்று ஊகிக்க ஜோசியர் வேண்டாம். சந்தேகம் இருந்தால், இருபது வருஷத்துக்கு முந்தைய கீபோர்டைப் பரணில் வைத்திருப்பவரிடம், அதைப் பழுது பார்க்க அலைந்த கதையைக் கேளுங்கள். பாட்டரி வேறு இருக்கிறது. அது சில வருஷங்களில் மாற்ற வேண்டிய சாமான். 'செலவே கிடையாது' கணக்கில் இது எந்தப் பத்தியில் வருகிறதோ!

சென்னை உப்புக்காற்றில் ரீட் துருப்பிடிக்கும் என்றும் பயமுறுத்துவார்கள். பிடிக்கும். அதே உப்புக்காற்று சர்க்யூட் போர்டைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கிப் போகுமா?

ரீட் பெட்டிக்குச் செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய பெட்டியை, விவரம் தெரிந்தவரை அழைத்துப்போய் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திக் கேட்டு வாங்கி, அவ்வப்போது கொஞ்சம் செலவழிப்பது, ஐந்து லட்சத்தை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டுச் செலவே இல்லை என்று சந்தோஷப்படுவதைவிட மலிவு. அவ்வளவுதான்.

கடைசியாக ஹெட்போன். ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் வாசித்துப் பழகலாமாம். இதை மட்டும் மறுக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பாதிப் பணம் போடுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.