வீடு கட்டினால் ஊர் ஆகிவிடுமா?

ஒரு எக்டேர் நிலம், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், காசே இல்லாமல் கிடைக்கும். விண்ணப்பம் போட வேண்டியது, ஐந்து ஆண்டு பயன்படுத்திக் காட்ட வேண்டியது, பிறகு உங்கள் பெயருக்கே எழுதிக்கொள்ள வேண்டியது. ரஷ்ய அரசு 2016 மே மாதம் இப்படி ஒரு சட்டம் போட்டது. 'தூரக்கிழக்கு எக்டேர்' என்று அதற்குப் பெயர். முதலில் அந்தப் பகுதிக்காரர்களுக்கு, 2017 பிப்ரவரியிலிருந்து எல்லா ரஷ்யக் குடிமக்களுக்கும். 2021இல் ஆர்க்டிக் பகுதிக்கும் இதை நீட்டினார்கள்.

நிலம் தேடி அலைகிற நம் இளைஞர்களுக்கு இதைப் படித்ததும் வயிற்றெரிச்சல் வரும். "நமக்கு ஒரு ஏக்கர் வாங்க ஆயுள் சம்பாத்தியம் போகுது, அங்க சும்மா கொடுக்கிறானே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் கடன் கொடுத்தும் வசூலித்தும் பழகியவன் நான். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் "இந்தப் பணம் கடைசியில் யார் கையில் போய்ச் சேரும்?" என்று பார்ப்பது ஊறிப்போன பழக்கம். ஓய்வுக்குப் பிறகு மண்வெட்டி பிடித்ததில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "இங்கே ஒரு குடும்பம் பத்து வருஷம் தாக்குப்பிடிக்குமா?" இந்த இரண்டு கேள்வியோடும் ஆளில்லாத வடக்கை நிரப்பும் கதையைப் பார்ப்போம்.

ரஷ்யாவின் தூரக்கிழக்கு, நம் இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. அங்கே இருப்பவர்கள் சுமார் 80 லட்சம் பேர். ஆமூர் ஆற்றுக்கு அக்கரையில், சீனாவின் ஹெய்லோங்ஜியாங் என்ற ஒரே மாகாணத்தில் சுமார் 3 கோடி மக்கள். எல்லையில் ஆள் இல்லை என்ற கவலை, மண்ணுக்கடியில் தங்கமும் வைரமும் நிலக்கரியும் இருக்கிறது என்ற ஆசை. இந்த இரண்டும் சேர்ந்துதான் மாஸ்கோவை எப்போதும் வடக்கு நோக்கித் தள்ளியிருக்கின்றன.

சோவியத் காலத்திலும் தள்ளின. முதலில் கைதிகளை வைத்து. மகதான் நகரமும் அதன் சாலையும் 1930களில் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. பிறகு கூடுதல் சம்பளம், நீண்ட விடுமுறை, சீக்கிர ஓய்வூதியம் என்று காட்டி ஆட்களைக் கூட்டினார்கள். அடுக்குமாடி வீடுகள், பள்ளி, மருத்துவமனை, சினிமாக் கொட்டகை எல்லாம் கட்டினார்கள். 1991இல் அந்த அரசு கலைந்தது. சம்பளச் சலுகையின் மதிப்பு கரைந்தது. வடகிழக்கு மூலையில் இருக்கும் சுக்கோத்காவில் 1989 கணக்கெடுப்பில் 1 லட்சத்து 64 ஆயிரம் பேர். 2002இல் 54 ஆயிரம் பேர். பதின்மூன்றே ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு காலி!

மகதான் பகுதியில் கடிக்சான் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1980களில் சுமார் 10 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1996இல் சுரங்கத்தில் வெடி விபத்து நடந்தது, சுரங்கத்தை மூடினார்கள், ஊரும் மூடிக்கொண்டது. மாடி வீடுகள் பல இன்றும் நிற்கின்றன. குடியிருக்கத்தான் ஆளில்லை.

இப்போது இதற்கு நேர் எதிரான ஓர் ஊரைச் சொல்றேன். நார்வேயின் வடக்குக் கோடியில் ஃபின்மார்க் என்ற பகுதி. 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை போகிற போக்கில் எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போனது. 10 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் சாம்பல். படகுத்துறை, மின்கம்பம், தொழுவம் எதுவும் மிச்சமில்லை. சுமார் 50 ஆயிரம் பேரை வலுக்கட்டாயமாகத் தெற்கே ஏற்றி அனுப்பினார்கள். போர் முடிந்ததும் "இப்போதைக்குத் திரும்பாதீர்கள், முதலில் திட்டமிட்டுக் கட்டுகிறோம்" என்று அரசு சொன்னது. மக்கள் கேட்கவில்லை. திரும்பி வந்து, கவிழ்த்த படகுக்கு அடியிலும் மண் குடிசையிலும் தங்கி, மீன்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீடு பிறகுதான் வந்தது.

ஒன்றில் வீடு இருந்தது, ஆள் போய்விட்டார்கள். இன்னொன்றில் வீடே இல்லை, ஆள் வந்துவிட்டார்கள். தொலைதூரப் பகுதியை வளர்க்கிறோம் என்று கிளம்பும் எந்த அரசும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்லது என்பது என் கருத்து. வீடும் மனையும் பிழைப்புக்கும் உறவுக்கும் பின்னால் வருகிறவை. அவற்றை முன்னால் ஓட்டினால் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டிய கதைதான்.

இலவச எக்டேரில் என்ன நடந்தது? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே தூரக்கிழக்கில் குடியிருப்பவர்கள். வீடு கட்டவும் தோட்டம் போடவும் பக்கத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அது தப்பில்லை, நல்லதும்கூட. ஆனால் மக்கள்தொகை அதனால் கூடவில்லை. பெரிய நகரங்களை ஒட்டிய நிலம் திட்டத்திலேயே கிடையாது. தள்ளிப்போனால் சாலை இல்லை, மின்சாரம் இல்லை. பல துண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து குடியிருப்பாக அமைந்தால்தான் அரசு அவற்றுக்கு உதவும்.

உழவனாக யோசியுங்கள். தெற்கே ஆமூர் பக்கம் சோயா விளையும், கான்கா ஏரிக் கரையில் நெல்லும் விளையும். அங்கே ஓரளவு பிழைக்கலாம். வடக்கே யாகுட்ஸ்க் பக்கம் போனால் ஜனவரியில் சராசரி வெப்பநிலையே சுழியத்துக்குக் கீழே 38 டிகிரி அளவில் இருக்கும். நிலத்துக்கடியில் மண் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. வீட்டுச் சூடு பட்டால் மண் இளகி வீடு சாயும். அதனால் தூண்களின் மேல் வீட்டைத் தூக்கிக் கட்டுகிறார்கள், குழாய்களைத் தரைக்கு மேலேதான் கொண்டுபோகிறார்கள். அங்கே இரண்டரை ஏக்கரை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து "விவசாயம் செய்" என்றால், நிலம் இலவசமாக இருந்தாலும் விவசாயம் இலவசம் இல்லையே. மேய்ச்சலுக்கு இரண்டரை ஏக்கர் எந்த மூலைக்கு?

அடுத்து வீட்டுக் கடன். 2019 டிசம்பரில் 'தூரக்கிழக்கு அடமானக் கடன்' என்று 2 சதவீத வட்டியில் தொடங்கினார்கள், முதலில் இளம் குடும்பங்களுக்கு. கடன் வாங்கியவர் அந்த வீட்டு முகவரியில் ஐந்து ஆண்டு பதிவு வைத்திருக்க வேண்டும். நம் ஊர் வீட்டுக்கடன் வட்டியை நினைத்துப் பார்த்தால் 2 சதவீதம் என்பது கிட்டத்தட்ட தானம். ஆனால் வங்கி நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், வட்டி மானியம் வாங்குபவரிடம் முழுசாகத் தங்குவதில்லை. மாதத் தவணை குறைந்தால் விற்பவர் விலையை ஏற்றுவார். நகரங்களில் இந்தக் கடன் புது வீட்டுக்குத்தான் என்றால், கட்டுமானக்காரர் கை இன்னும் ஓங்கும். விளாடிவஸ்தோக்கில் வீட்டு விலை ஏறியதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. கட்டடம் பெருகியது நகரத்தில்; காலியாகிக்கொண்டிருந்ததோ சுரங்க ஊரும் ஆற்றங்கரைக் கிராமமும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1991இல் தூரக்கிழக்கில் 80 லட்சம் பேர். 2016இல் சுமார் 62 லட்சம். 2018 நவம்பரில் புரியாத்தியா, சபைகல்ஸ்கி என்ற இரண்டு பகுதிகளைத் தூரக்கிழக்கு மாவட்டத்தோடு சேர்த்தார்கள். எண்ணிக்கை மறுபடி 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்துக் கிளையை இணைத்துவிட்டு "எங்க கிளை டெபாசிட் உயர்ந்துவிட்டது" என்று அறிக்கை அனுப்பும் மேலாளரை நானும் பார்த்திருக்கிறேன்.

நார்வே வேறு மாதிரி யோசித்தது. ஃபின்மார்க்கையும் அதை ஒட்டிய வட துரோம்ஸின் 7 நகராட்சிகளையும் சேர்த்து 1990இல் சிறப்பு மண்டலம் ஆக்கினார்கள். அங்கே குடியிருந்து வேலை செய்பவருக்கு, ஓராண்டு முடிந்தால், அவருடைய கல்விக் கடனில் 10 சதவீதம் வரை தள்ளுபடி. நெடுங்காலம் ஆண்டுக்கு 25 ஆயிரம் குரோனர் என்பது உச்சவரம்பாக இருந்தது. வருமான வரி குறைவு. ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பு வரி சுழியம். 2023 ஆகஸ்டிலிருந்து குழந்தைகள் காப்பகக் கட்டணமும் கிடையாது.

வங்கிக்காரனாக நான் ரசித்த இடம் இதுதான். இந்தத் தள்ளுபடி நிலத்துக்கு இல்லை, கட்டடத்துக்கு இல்லை. அங்கே வாழ்ந்து கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும். வராதவருக்கு ஒன்றுமில்லை, வந்து ஓடியவருக்கு இருந்த மட்டும். இடைத்தரகர் விலையை ஏற்றி விழுங்க வழியும் இல்லை. கல்விக் கடன் யாருக்கு இருக்கும்? ஆசிரியர், செவிலியர், கால்நடை மருத்துவர், பொறியாளர். மீனவக் குடும்பமும் கலைமான் மேய்க்கும் குடும்பமும் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால் இவர்கள் ஊரில் இருந்தாக வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி இல்லையென்றால் எந்தத் தாய் தங்குவாள், சொல்லுங்க?

இதனால் ஃபின்மார்க்கில் கூட்டம் அலைமோதுகிறதா என்றால், இல்லை. 1990இலும் சுமார் 75 ஆயிரம் பேர், இப்போதும் அதே அளவுதான். "முப்பது வருஷம் செலவழித்துக் கூடவில்லையே" என்று ஒருவர் கேட்கலாம். சுக்கோத்காவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கில் குறையாமல் நிற்பதே பெரிய விளைச்சல். "நார்வேயிடம் எண்ணெய்ப் பணம் இருக்கு, அவன் செய்வான்" என்பார்கள். பணம் இருக்கிறது, உண்மை. ரஷ்யாவிடமும் எண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. பணத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இன்னொரு முக்கியமான விஷயம். 'ஆளில்லாத நிலம்' என்று வரைபடத்தில் வெள்ளையாக விடும் இடம் ஒருபோதும் வெறும் இடம் இல்லை. ஃபின்மார்க்கில் சாமி மக்கள் இருக்கிறார்கள். பெயர் நம் காதுக்கு அப்படித்தான் விழும். கலைமான் மேய்ப்பும் மீன்பிடியும் அவர்கள் வாழ்க்கை. 2005இல் வந்த ஃபின்மார்க் சட்டம், அந்தப் பகுதியின் 95 சதவீத அளவு நிலத்தை அரசிடமிருந்து எடுத்து 'ஃபின்மார்க் எஸ்டேட்' என்ற உள்ளூர் அமைப்பிடம் கொடுத்தது. அதன் குழுவில் பாதிப்பேரைச் சாமி நாடாளுமன்றமும் மீதிப்பேரைப் பகுதி மன்றமும் அமர்த்துகின்றன. சுரங்கம், காற்றாலை என்று வழக்கும் வாதமும் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் பேச ஓர் இடம் இருக்கிறது.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. 1953லும் 1955லும், வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே, கிரைஸ் ஃபியோர்டுக்கும் ரெசல்யூட்டுக்கும் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேட்டை நன்றாகக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்றார்கள். இறங்கிய இடத்தில் வீடு இல்லை, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் இல்லை. திரும்பும் வாக்கும் காப்பாற்றப்படவில்லை. நாட்டின் எல்லையில் ஆளிருப்பதாகக் காட்ட அவர்களைப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு கடைசிவரை நின்றது. 2010இல் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது.

இதையெல்லாம் நம் இதழில் ஏன் எழுத வேண்டும்? நாமும் "கிராமத்துக்குத் திரும்புங்கள்" என்று கூப்பிடுகிறவர்கள். அந்த அழைப்பு சரியானது. ஆனால் அதைச் சாக்காக வைத்து, மேய்ச்சல் நிலத்தைத் 'தரிசு' என்று எழுதி, வேலி போட்டு, 'பண்ணை வீட்டு மனை' என்று விற்கும் வியாபாரமும் கூடவே வளர்கிறது. சனி ஞாயிறு மட்டும் விளக்கு எரியும் வீடுகள் எத்தனை கட்டினாலும் அந்த ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளைகூடக் கூடாது. ஆடு மேய்ப்பவருக்கு வழி அடைபடுவதுதான் மிச்சம்.

புதிதாக நிலம் வாங்கப் போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்வது: வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், பேருந்து எத்தனை தடவை வருகிறது, பக்கத்துக் காட்டுக்காரர் மகன் ஊரில் இருக்கிறானா, போய்விட்டானா, போனால் ஏன் போனான் என்று கேளுங்கள். அவன் தங்க முடியாத ஊரில் நீங்கள் எப்படித் தங்குவீர்கள்?

நம் இயக்கம் அரசிடம் கேட்க வேண்டியதும் இதுவே. புதிய மனைகளுக்குச் சலுகை கேட்பதற்கு முன்னால், கிராமத்திலேயே குடியிருந்து பணி செய்யும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் கால்நடை மருத்துவருக்கும், ஊரிலேயே தங்கி உழும் படித்த பிள்ளைக்கும், தங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கல்விக் கடனில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வோம். அதற்கான கணக்கு எல்லா வங்கியிலும் ஏற்கெனவே இருக்கிறது. புது அலுவலகம் திறக்க வேண்டியதில்லை.