பந்து பாலுவிடம், பட்டம் பாட்டியாலாவிடம்

இந்தியக் கிரிக்கெட் அணியின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், 1932 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், கேப்டன் சி.கே.நாயுடு என்று பதில் வரும். முதல் டெஸ்ட் ஆட்டம் அது என்பதால் பதிலில் பிழையில்லை. ஆனால், அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1911 கோடையில், ‘அகில இந்திய அணி’ என்ற பெயரோடு ஓர் அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இந்து, முஸ்லிம், பார்சி, சீக்கியர் என்று எல்லாரும் ஒரே அணியாகச் சேர்ந்து அயல்மண்ணில் ஆடியது அதுவே முதல் முறை. விடுதலைக்கு இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன. நாடு பிறக்கும் முன்பே நாட்டின் அணி பிறந்துவிட்டது.

அந்தப் பயணம் நினைவுகூரப்படும்போதெல்லாம் தோல்விக் கணக்குதான் முதலில் வரும். மொத்தம் 23 ஆட்டங்கள். 6 வெற்றி, 15 தோல்வி, 2 டிரா. முதல்தர ஆட்டங்கள் 14-இல் வென்றவை இரண்டே இரண்டு. ஆனால், அதே ஏட்டில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: 114. பல்வங்கர் பாலு என்ற இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் அந்த ஒரே பயணத்தில் சாய்த்த விக்கெட்டுகள் அவை. தோற்ற அணியில் ஒருவர் 114 விக்கெட் எடுத்தார் என்றால், அந்த அணியை யார் சுமந்தார் என்று கேட்க வேண்டும். அவர் ஏன் அதன் கேப்டன் ஆகவில்லை என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குத் திறமை பதில் சொல்கிறது. இரண்டாவதற்குப் பிறப்பு பதில் சொல்கிறது. இந்தியக் கிரிக்கெட்டின் வரலாற்றை இந்த இரண்டு பதில்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எதற்காக ஓர் அணி?

இங்கிலாந்து சென்று ஆடிய முதல் இந்தியர்கள் பம்பாய்ப் பார்சிகள். 1886-இலும் 1888-இலும் அவர்கள் போய்வந்தார்கள். அது ஒரு சமூகத்தின் அணி. எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்து ஓர் அணியை அனுப்பும் யோசனை அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தது. 1903-இல் முயன்றும் பார்த்தார்கள். யாருக்கு எத்தனை இடம் என்ற இழுபறியில் அது கைகூடாமல் போனது. பம்பாயில் கிரிக்கெட் வளர்ந்ததே சமூகவாரியாகப் பிரிந்த ஜிம்கானாக்களில்தான். ஐரோப்பியருக்கு ஒன்று, பார்சிகளுக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. ஒருவரையொருவர் எதிர்த்து ஆடவே பழகியவர்கள் ஒரே பக்கம் நின்று ஆட ஒப்புவது எளிதாக இல்லை.

அதை நடத்தி முடிக்கும் அவசரத்தை அரசியல் கொடுத்தது. 1909 ஜூலை 1 அன்று லண்டனில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியை இந்திய மாணவர் மதன்லால் திங்ரா சுட்டுக் கொன்றார். இந்தியர் என்றாலே பிரிட்டிஷார் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. வெள்ளையர் ஆட்சியோடு இணங்கி நின்ற சுதேச மன்னர்களும் செல்வந்தர்களும் அந்தக் கசப்பைத் துடைக்க விரும்பினார்கள். 1911 ஜூனில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. அந்தக் கோடையிலேயே இந்திய அணி ஒன்று இங்கிலாந்து மைதானங்களில் வெள்ளுடையில் நின்றால், அதைவிட நல்ல நட்புத் தூது ஏது?

ஆக, முதல் இந்திய அணியைக் கூட்டியது விடுதலை வேட்கையல்ல, பேரரசின் மீதிருந்த விசுவாசம். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால், அணியைக் கூட்டியவர்களின் நோக்கம் ஒன்றாக இருக்க, அந்த அணி காட்டிச் சென்றது வேறொன்றாக அமைந்தது.

பத்தொன்பது வயது கேப்டன்

அன்று உலகம் அறிந்த ஒரே இந்தியக் கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி. 1896-இலேயே இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடி, முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 154 ரன் குவித்தவர். 1911-இல் அவர் நவாநகரின் மன்னர். அணி திரட்டும் வேலையில் அவர் கைகொடுக்கவில்லை, ஒதுங்கியே நின்றார். கேப்டன் பொறுப்பு பாட்டியாலா மகாராஜா பூபீந்தர் சிங்கிடம் போனது. அப்போது அவருக்கு வயது 19.

மகாராஜாவுக்குக் கிரிக்கெட்டில் உண்மையான ஈடுபாடு இருந்தது. மட்டை பிடிக்கவும் தெரியும். ஆனால், அவரை லண்டனுக்கு இழுத்தது முடிசூட்டு விழாவும் அதைச் சுற்றிய விருந்துகளும். கேப்டன் ஆடியது சில ஆட்டங்கள் மட்டுமே. அணியின் மிகச் சிறந்த மட்டையாளர் என்று பலரும் மதித்த கேகி மிஸ்திரி மகாராஜாவின் அலுவலர். எஜமானர் போகுமிடம் அவரும் போக வேண்டியிருந்தது. அதனால், அணி ஒரே நேரத்தில் கேப்டனையும் முதன்மை மட்டையாளரையும் இழந்து ஆடியது.

மற்றவர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். பம்பாயின் பார்சி மருத்துவர் எச்.டி.காங்கா இருந்தார், இன்றும் மும்பையில் மழைக்காலம்தோறும் நடக்கும் காங்கா லீக் அவர் பெயரில்தான். பெங்களூரிலிருந்து ஜெயராம். சென்னையில் பிறந்த சேஷாச்சாரி விக்கெட் கீப்பர். இவர்களோடு சமார் சாதியில் பிறந்த அண்ணனும் தம்பியுமாகப் பாலுவும் சிவராமும்.

ஒரு விக்கெட்டுக்கு எட்டணா

பாலு தார்வாரில் பிறந்தவர். தந்தை ராணுவத்தில் சிப்பந்தி வேலை பார்த்ததால் குடும்பம் பூனாவில் இருந்தது. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருட்டிப் பராமரிக்கும் வேலை. மாதம் 3 ரூபாய். பிறகு பூனாவில் ஐரோப்பியர் சங்கத்தில் அதே வேலை, சம்பளம் 4 ரூபாய். களத்தை உருட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது, அவர்கள் பயிற்சி எடுக்கும்போது பந்து வீசுவது என எல்லாம் அந்த நான்கு ரூபாய்க்குள் அடக்கம்.

அங்கே ஜே.ஜி.கிரெய்க் என்றொரு ராணுவ அதிகாரி. அன்றைய இந்தியாவில் வெள்ளையர்களுள் தலைசிறந்த மட்டையாளர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அவர் மைதானத்துக்கு வந்துவிடுவார். பாலு வீச வேண்டும், அவர் ஆட வேண்டும். ஆட்டமிழக்கும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா. மாதச் சம்பளம் நான்கு ரூபாய் என்றால், எட்டு முறை கிரெய்க்கை வீழ்த்தினால் ஒரு மாதக் கூலி. இடது தோளும் விரல்களும் அந்த விடியற்காலைகளில்தான் பழகின. ஆனால், எத்தனையோ நூறு மணி நேரம் பந்து வீசிய அந்த வலையில் ஒரு நாள்கூட மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

திறமை ஊருக்குத் தெரிந்த பிறகு பூனாவின் இந்துக்களுக்குச் சங்கடம் வந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும்; வெல்ல வேண்டுமானால் பாலு வேண்டும். ஆனால், பாலுவோடு உட்கார முடியாது. அவர்கள் கண்ட தீர்வை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. களத்தில் எல்லாரும் அதே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலு வெளியே நின்று, குடித்ததும் உடைத்தெறியும் மண் குவளையில் குடிக்க வேண்டும். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ வேண்டுமென்றால், தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த வேலையாள் ஒருவர் மைதானத்தின் மூலைக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை என்று நாம் அறிந்த அதே கொடுமை, வெள்ளுடை அணிந்து மைதானத்தில் நின்றது.

கிரிக்கெட் பந்தின் மேலுறை தோல். பாலு பிறந்த சாதியின் குலத்தொழிலும் தோல்தான். அந்தத் தோலைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தூக்கி எறிந்தவர்களுக்கு, அதைப் பதப்படுத்தும் சாதியில் பிறந்தவர் தொட்ட கோப்பை மட்டும் தீட்டாகிவிட்டது.

இங்கிலாந்துக் கோடை

இங்கிலாந்து போனபோது பாலுவுக்கு ஏறத்தாழ 35 வயது. தோள்வலியோடுதான் வீசினார். தொடக்க வாரங்களில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மூன்று நாள் ஆட்டங்களுக்கும் அந்த ஆடுகளங்களுக்கும் நம் மட்டையாளர்கள் பழக்கப்படவில்லை. பயணமும் ஆட்டமும் மாறி மாறி வந்ததில் ஓய்வும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார் பாலு. முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட். எதிரணியை அவர் சுருட்டினாலும், நம்மவர்களால் அந்த ரன்னை எட்ட முடியவில்லை.

ஜூலையில் காற்று திரும்பியது. லெஸ்டர்ஷயரை அணி வென்றது. டான்டன் மைதானத்தில் சாமர்செட்டை ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்கும் நிலையில் வென்றது. அந்த வெற்றியை இழுத்து வந்தவர் தம்பி சிவராம், ஆட்டமிழக்காமல் 113. முதல் இந்திய அணி இங்கிலாந்தின் இரண்டு கவுன்ட்டி அணிகளை வீழ்த்திய கதையில் இந்தச் சகோதரர்களின் கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம்.

அதே மாதம் 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் கால்பந்து அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தட்டிச் சென்றது. அந்த வெற்றியைத் தேசிய எழுச்சியின் அடையாளமாக வரலாற்றுப் பாடம் சொல்லித்தருகிறது. டான்டன் வெற்றிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பாலுவைப் பொதுவாசகரிடம் மீண்டும் கொண்டுசேர்க்க வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவின் ஆய்வு நூல் 2002-இல் வர வேண்டியிருந்தது.

‘காலம் அப்படி’ என்பவர்களுக்கு

அன்றைய காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மகாராஜாக்களின் பணமும் செல்வாக்கும் இல்லாமல் பயணமே நடந்திருக்காது என்பதும் உண்மை. அந்தக் கடனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், செலவை ஏற்றவர் புரவலர். அணித் தலைமை களத்தில் நிற்பவருக்கு உரியது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் 1932-இலும் போர்பந்தர் மகாராஜா கேப்டனாகக் கப்பலேறினார். டெஸ்ட் ஆட்டத்தன்று நாயுடுவுக்கு வழிவிட்டு விலகும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. 1936-இல் அணித் தலைமை விஜயநகரம் இளவரசரிடம் போனது. அந்தப் பயணத்தில் அணியின் முன்னணி வீரர் லாலா அமர்நாத் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். 1911-இல் செய்த பிழைக்கு அணி கால் நூற்றாண்டு விலை கொடுத்தது.

‘காலம் அப்படி’ என்ற வாதத்துக்கு அந்தக் காலத்து மனிதரே பதில் வைத்திருக்கிறார். 1911 பயணத்தில் பாலுவோடு ஆடிய எம்.டி.பாய், 1913-இல், பம்பாயின் சமூகவாரிப் போட்டியில் ஆடிய இந்து அணிக்குக் கேப்டன் ஆனார். அவருக்கு நடந்த பாராட்டு விழாவில், மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்கே இந்தப் பெருமை போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். உயர்சாதியில் பிறந்தவர், அந்தப் பதவியை அனுபவிப்பவர், அதே மேடையில் சொன்னது இது. அநீதி அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பாலு கடைசிவரை இந்து அணியின் கேப்டன் ஆகவில்லை. 1920-இல் சிவராமும் இன்னொரு தம்பி விட்டலும் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அணியிலிருந்து விலகிப் போராடினார்கள். 1923-இல் விட்டல் கேப்டன் ஆனார். அண்ணனுக்கு மறுத்த கதவு தம்பிக்குத் திறந்தது; அதுவும் தானாகத் திறக்கவில்லை, தள்ளியதால் திறந்தது.

விருதும் பெயரும்

இன்று நாட்டின் முதன்மையான உள்நாட்டுப் போட்டி ரஞ்சிக் கோப்பை. 1911 அணியிலிருந்து ஒதுங்கி நின்றவரின் பெயர் அது. கோப்பையைக் கொடையளித்தவர், அந்த அணிக்குப் பெயரளவில் கேப்டனாக இருந்த பூபீந்தர் சிங். அந்தப் போட்டியில் அதிக விக்கெட் எடுப்பவருக்குக் கிரிக்கெட் வாரியம் தரும் விருது, குவாலியர் அரச குடும்பத்தில் பிறந்த மாதவராவ் சிந்தியாவின் பெயரில். இவர்கள் எவருடைய பெயரையும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால், பந்துவீச்சுக்கான ஒரு விருதில்கூடப் பாலுவின் பெயர் வராதா?

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு மைதானத்திலும் விடியும் முன் வந்து புல் வெட்டி, உருளை இழுத்து, மழை வந்தால் தார்ப்பாய் விரித்துக் காக்கும் ஆடுகளப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தேசிய விருதை வாரியம் பாலுவின் பெயரில் ஏற்படுத்தட்டும். அவர்களுடைய பிள்ளைகள், தாங்கள் வளரும் மைதானத்திலேயே கட்டணமின்றிப் பயிற்சி பெற வழி செய்யட்டும். களத்தை உருட்டியவருக்கு மட்டையைத் தராமல் விட்ட பூனாவின் பழியை அப்படித்தான் கழுவ முடியும்.

கிரெய்க் ஒரு விக்கெட்டுக்கு எட்டணா வீதம் அன்றைய கணக்கை அன்றே தீர்த்தார். இங்கிலாந்தில் எடுத்த 114-க்கு நாம் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை.